மாமியின் சீட்டும் மூன்றாம் நாள் காய்ச்சலும்

யாழ்ப்பாணத்துக் கொக்குவில் மாமி என்னிடம் ஒரேயொரு தடவைதான் கணக்குக் கேட்டார். அந்தக் கணக்குப் பிழைத்துப்போனது.

2021 தை மாதம் தொடங்கிய சீட்டு அது. (எங்கள் ஊரில் ஜனவரியைத் தை, பெப்ரவரியை மாசி, டிசம்பரை மார்கழி என்றுதான் சொல்வோம்.) 20 பேர், ஆளுக்கு மாதம் 10,000 ரூபா, மொத்தம் 2 இலட்சம். முதல் மாதக் காசு வழக்கப்படி தாச்சிக்கு. சீட்டைப் பிடித்து நடத்துகிறவர், இடையில் யாராவது கட்டாமல் விட்டால் தலையைக் கொடுக்கிறவர் என்பதால் அவருக்கு அந்தச் சலுகை. இரண்டாம் மாதத்திலிருந்து கூறல், அதாவது ஏலம். யார் கூடுதலான கழிவு விடுகிறாரோ அவருக்குச் சீட்டு. விட்ட கழிவு 20 பேருக்கும் பிரிபடும். மாசி மாதம் ஒருவர் 36,000 ரூபா கழிவு விட்டு எடுத்தார். அவர் கையில் 164,000. எல்லாரும் அந்த மாதம் 10,000க்குப் பதிலாக 8,200 கட்டினார்கள்.

மாமிக்குக் குசினிக் கூரை மாற்ற வேண்டும். வைகாசியில் சீட்டை எடுத்து, மழைக்கு முன் வேலையை முடிக்கலாமா என்று கேட்டார். நான் சீட்டுக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். பழைய சீட்டுகளில் கழிவு மாதம் 2,000 அளவில் இறங்கிக்கொண்டே போயிருந்தது. அப்படியென்றால் வைகாசியில் எடுத்தால் 30,000 ரூபாவை விட வேண்டும். கடைசி ஆளாக எடுத்தால் கழிவே இல்லை. 20 மாதமும் கட்டுகிற காசைக் கூட்டினால் 182,900, கையில் வருவது 2 இலட்சம். வட்டியாகப் பார்த்தால் மாதம் ஏறத்தாழ 0.95 வீதம். அந்த நேரம் வங்கியில் நிலையான வைப்புக்கு அதில் பாதிதான் கிடைத்தது.

"கடைசியிலை எடுங்கோ மாமி" என்றேன்.

"நீ படிச்சனி. சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

அப்புறம் 2022 வந்தது. பங்குனியில் 200 ரூபாவாக இருந்த டொலர் வைகாசிக்குள் 360க்குப் போனது. சித்திரை 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏற்றியது. 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆவணியில் மாமியின் கையில் 2 இலட்சம் வந்தது, ஒரு சதம் குறையாமல். ஓடு, மரம், சீமெந்து என்று விலை கேட்டுக்கொண்டு வந்த மாமா, பாதிக் கூரைக்குக் காணும் என்றார். புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். முதல் வருடம் வைகாசியில் எடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய 170,000 ரூபா அன்றைய விலையில் ஏறத்தாழ 850 டொலர். நான் எடுக்கச் சொன்ன நேரத்தில் கிடைத்த 2 இலட்சம் 555 டொலர்.

மாமி ஒரு சொல் குறை சொல்லவில்லை. கூரையில் பாதியை மாற்றினார்கள். மற்றப் பாதி ஒழுகுகிற இடத்தில் ஒரு நீல வாளியை வைத்தார். அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த வாளிக்கு நேரே கதிரை போட்டுத்தான் எனக்குத் தேநீர் வரும். வேண்டுமென்று செய்தாரா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

இதில் வெட்கப்பட வேண்டிய விசயம் ஒன்று இருக்கிறது. "எப்போது எடுப்பது" என்பதுதான் என் பி.எச்.டி. நிதிக் கணிதத்தில் அதற்கு அமெரிக்க விருப்பொப்பந்தம் என்று பெயர். விருப்பொப்பந்தம் என்றால் ஒரு பொருளைக் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உள்ள உரிமை. அமெரிக்காவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முடிவுத் திகதிக்கு முன் எந்த நாளும் உரிமையைப் பயன்படுத்தலாம் என்பதற்காக வைத்த பெயர். பங்குச் சந்தை என்றால் எங்கள் ஊர்த் திருநெல்வேலிச் சந்தைக்கு எந்தப் பக்கம் என்று கேட்கிற அம்மாவுக்கு இதை விளங்கப்படுத்த நான் வெங்காயத்தைத்தான் பிடித்தேன். ஐயா சின்ன வெங்காயத்தைக் கிண்டி, பிடியாகக் கட்டி, கொட்டிலில் தொங்கவிடுவார். ஒவ்வொரு காலையும் அவருக்கு இரண்டே வழி: இன்றைய விலைக்கு விற்பது, அல்லது நாளைக்குப் பார்ப்பது. நாளைக்கு விலை ஏறலாம். வெங்காயம் அழுகவும் செய்யலாம். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலைக்கோடு இருக்கிறது. விலை அதற்கு மேலே போனால் விற்க வேண்டும், கீழே நின்றால் பொறுக்க வேண்டும். அந்தக் கோடு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. விலை எப்படி ஆடும் என்று தெரிந்தாலும் கோடு தெரியாது. இரண்டையும் சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டும்.

கணிதத்தில் இது பழைய சங்கதி. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் ஸ்டெபான் துருவக் கடலில் பனிக்கட்டி தடிப்பதைக் கணக்கிட்டபோது இதே சிக்கல்தான்: பனி எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது, அந்த எல்லையே நகர்ந்துகொண்டிருக்கிறது. 1965இல் ஹென்றி மக்கீன் அதை விருப்பொப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார். 1973இல் பிளாக்கும் ஷோல்சும் விருப்பொப்பந்த விலைக்குத் தந்த புகழ்பெற்ற சூத்திரம் முடிவுத் திகதியில் மட்டும் எடுக்கக்கூடிய வகைக்குத்தான். இடையில் எடுக்கலாம் என்றால், விற்கும் உரிமைக்கு அப்படியொரு நேர்த்தியான சூத்திரம் கிடையாது. கணினியில் படிப்படியாகத்தான் போட வேண்டும். அதைக் கொஞ்சம் வேகமாகப் போடுகிற ஒரு வழியை வட இங்கிலாந்தில் ஒரு குளிர் நகரத்தில் இருந்து நான்கு வருடம் எழுதினேன். அந்த நான்கு வருடமும் வட்டி வீதத்தை ஒரு மாறிலியாக வைத்துக்கொண்டேன். மாமியின் சீட்டிலும் அதையேதான் செய்தேன். விலை திடீரெனத் துள்ளிப் பாய்வதையும் கணக்கில் சேர்க்க ரொபர்ட் மேர்ட்டன் என்ற பொருளியலாளர் 1976இலேயே வழி காட்டியிருந்தார், நான் அதைப் படிப்பித்தும் இருந்தேன்.

சரி, காய்ச்சலுக்கு வருகிறேன்.

ஊருக்குத் திரும்பிக் கம்பஸில் சேர்ந்த பிறகு, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த டொக்டர் ஒருவன் ஒரு மார்கழி இரவு தொலைபேசி எடுத்தான். வடகீழ்ப் பருவமழையோடு வருகிற மார்கழியும் தையும் இங்கே டெங்குக் காலம். "மச்சான், வாட்டிலை கட்டில் காணாது. ஆரை எப்ப மறிக்கிறது எண்டதுக்கு உன்ரை கணக்கிலை ஏதும் இருக்கோ?"

மறிப்பது என்றால் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரி வாட்டில் சேர்ப்பது. அவன் கேட்டது ஐயாவின் வெங்காயக் கேள்வி.

டெங்கு ஒரு நயவஞ்சக நோய். காய்ச்சல் அடிக்கிற முதல் நாட்களில் பெரும்பாலும் ஆபத்து இல்லை. மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான் சிலருக்கு இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும். இரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே போகும், நாடித்துடிப்பு ஏறும், கைகால் குளிரும். அந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம். அதற்குச் சற்று முன், இரத்தம் உறைய உதவுகிற பிளேற்லெற்றின் எண்ணிக்கை ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கும். வீட்டில் இருப்பவர்களுக்கோ காய்ச்சல் விட்டதே நல்ல செய்தி. பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்து, சுவாமிக்கு விளக்கு வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டுவிடுவார்கள். எல்லாரையும் முதல் நாளே மறித்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஒரு கட்டிலில் மூன்று பேர் படுக்க வேண்டிவரும். உண்மையில் கசிகிற பிள்ளையை மணிக்கு மணி பார்க்க ஆள் இருக்காது.

ஆகவே ஒவ்வொரு காய்ச்சல் நாளுக்கும் ஒரு கோடு. பிளேற்லெற் அதற்குக் கீழே என்றால் மறி. மேலே என்றால் நாளைக்கு வரச் சொல். எழுதுவது எனக்கு ஒரு மாலை வேலை. ஆனால் சமன்பாட்டில் ஒரு எண் வேண்டும். தேவையில்லாமல் ஒருவரை மறித்தால் ஒரு கட்டில் நட்டம். மறிக்க வேண்டிய பிள்ளையை அனுப்பினால் எவ்வளவு நட்டம்? எத்தனை கட்டிலுக்குச் சமம்? நிதியில் இந்தத் தலையிடி கிடையாது, இரண்டு பக்கமும் ரூபாய்தான். நண்பனிடம் கேட்டேன்.

"அதை என்னட்டைக் கேளாதை" என்று வைத்துவிட்டான்.

அவன் கோபம் நியாயம். பிறகு கேள்வியைத் திருப்பிப் போட்டோம். தவறவிடுகிற வாய்ப்பை முதலில் அவர்கள் பொறுக்கக்கூடிய அளவுக்குப் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்கு எத்தனை கட்டில் தேவை என்று பார்ப்பது. பிள்ளைக்கு விலை போட வேண்டியதில்லை. கட்டிலைத்தான் எண்ண வேண்டும்.

நோய்க்குக் கணிதம் போடுவது புதிதும் அல்ல. 1897இல் செக்கந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்ட் ரோஸ், பிறகு சமன்பாடு எழுதி, கடைசி நுளம்பு வரை கொல்லத் தேவையில்லை, ஒரு எல்லைக்குக் கீழே கொண்டுவந்தால் நோய் தானாகச் சாகும் என்று காட்டினார். 1934-35 மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேரைப் பறிகொடுத்த இலங்கை, 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழ் வாங்கியது. டெங்குவில் அந்த எல்லையை நெருங்கவே முடியவில்லை. 2017இல் மட்டும் நாட்டில் 186,101 பேர். நன்னீரில்தான் பெருகும் என்று நாங்கள் படித்த டெங்கு நுளம்பு, கரையோரத்தில் உவர்த்தண்ணீரிலும் பெருகுகிறது என்று யாழ் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வாளர்கள் பங்கெடுத்த ஆய்வு 2011இல் காட்டியது. கடல் சூழ்ந்த குடாநாட்டுக்கு அது நல்ல செய்தி இல்லை.

ஒழுக்கவியல் குழுவின் அனுமதி எடுக்க மாதங்கள் போயின. பிறகு நானும் இரண்டு மாணவிகளும் பழைய நோயாளர் கட்டில்தாள்களின் முன் உட்கார்ந்தோம். அதற்கு ஆஸ்பத்திரியில் பி.எச்.ரி என்று பெயர். பி.எச்.டி முடித்த எனக்கு பி.எச்.ரி வாசிக்கத் தெரியவில்லை. எல்லாம் கையெழுத்து, எல்லாம் சுருக்கெழுத்து. ஒரு வாரம் ஒரு தாதி பக்கத்தில் இருந்து அரிச்சுவடி சொல்லித் தந்தார்.

அங்கேதான் என் கணித மாதிரியின் பெரிய ஓட்டை தெரிந்தது. நான் எழுதியிருந்ததெல்லாம் "t ஆம் நாள்". விருப்பொப்பந்தத்தில் தொடங்கும் திகதி அச்சடித்திருக்கும். சீட்டுக் கொப்பியில் முதல் பக்கத்தில் எழுதியிருக்கும். காய்ச்சலுக்கு யார் திகதி எழுதினார்கள்? ஒரே பிள்ளைக்கு, வெளிநோயாளர் துண்டில் காய்ச்சல் மூன்று நாள், வாட்டில் எழுதியதில் இரண்டு நாள், அம்மம்மா சொன்னதில் நான்கு. முதல் நாள் பின்னேரம் "மேல் சாதுவாய்ச் சுட்டது" கணக்கா இல்லையா? முழு மாதிரியும் நிற்கிற அச்சில் ஒரு நாள் முன்னே பின்னே. கசிவு தொடங்கி முடியவே ஒன்றரை நாள் என்கிற நோயில் ஒரு நாள் பிழை என்றால், நான் போட்ட கோடு வெறும் அலங்காரம்.

இதைத் தீர்த்தது நானல்ல, மாணவிகளில் ஒருத்தி. அடுத்த மார்கழியில் வாட்டில் தாய்மாரிடம் தகவல் எடுத்தபோது, அவள் திகதியே கேட்கவில்லை. "திருவெம்பாவை எத்தினையாம் பூசை அண்டு தொடங்கினது அக்கா?" என்று கேட்டாள். விடியப்புறம் சங்கும் சேமக்கலமும் தெருவில் போகிற பத்து நாட்கள், ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டு உபயம். "நாலாம் பூசை அண்டு. அவல் சாப்பிடேல்லை, படுத்திட்டான்" என்று தாய்மார் தயங்காமல் சொன்னார்கள். திருவெம்பாவை இல்லாத நாட்களில் பள்ளிக்கூட விடுமுறை, வெள்ளிக்கிழமை விரதம், கிறிஸ்தவ வீடுகளென்றால் நத்தார். ஒரே கேள்வியைத் தாயிடமும் அம்மம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டால், திகதியில் ஒத்துவராதவர்கள் பூசையில் ஒத்துவந்தார்கள். இந்த ஒரு வரி ஆய்வுக்கட்டுரையின் முறையியல் பகுதியில் எப்படி எழுதுவது என்று நாங்கள் இரண்டு வாரம் மண்டையை உடைத்தோம். மதிப்பீட்டாளர் ஒருவர் "உள்ளூர் நாட்காட்டி" என்றால் என்ன என்று விளக்கம் கேட்டார். மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். எழுதியதில் எனக்கு மிகப் பிடித்த மூன்று பக்கம் அதுதான்.

இன்னொரு ஓட்டையை இன்னும் அடைக்க முடியவில்லை. வாட்டுக்கு வந்தவர்கள்தான் எங்கள் தரவில் இருக்கிறார்கள். வீட்டிலேயே படுத்து எழும்பிப் போனவர்கள் இல்லை. ஆகவே எங்கள் தரவில் டெங்கு உண்மையில் இருப்பதைவிடப் பயங்கரமாகத் தெரிகிறது. சீட்டிலும் இதுதான்: முன்னுக்குக் கழிவு விட்டு எடுக்கிறவர் எல்லாம் அவசரக்காரர், ஆகவே கழிவைப் பார்த்து வட்டியைச் சொல்வது அரைக் கணக்கு. மாமிக்கு அது தெரிந்திருந்தது. ஆர் ஏன் எடுக்கிறார் என்று பார்த்துத்தான் தானும் கூறுவது என்று பிற்பாடு ஒருநாள் சொன்னார். அதை நான் கேட்டிருக்கலாம்.

2023 மார்கழி, குடாநாட்டில் டெங்கு உச்சத்தில் நின்ற நேரம், 31ஆம் திகதி காலை மாமி அழைத்தார். பேரனுக்குக் காய்ச்சல். ஆறு வயது.

"எப்ப தொடங்கினது மாமி?"

"திருவாதிரைக்கு அடுத்த நாள். இப்ப விட்டிட்டுது தம்பி. சும்மா உனக்குச் சொல்லுவம் எண்டு எடுத்தனான்."

திருவாதிரை 27ஆம் திகதி. விரலில் எண்ணினேன். நான்காம் நாள்.

"சோர்ந்து போய் இருக்கிறானோ?"

"படுத்துத்தான் இருக்கிறான். வயித்துக்குள்ளை நோகுதாம்."

ஓட்டோ பிடிக்கச் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். பிளேற்லெற் 92,000. மறித்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை நாள் நான் செய்தது எல்லாம் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான். தாதியர் மணிக்கு மணி நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சிறுநீர் என்று எழுதினார்கள். இரத்தத்தில் செங்குருதிக் கலங்களின் பங்கு 35 வீதத்திலிருந்து 42க்கு ஏறியது. ஐந்தில் ஒரு பங்கு ஏற்றம், கசிகிறது என்று அர்த்தம். 20 கிலோ பிள்ளைக்கு அந்த 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 2,500 மில்லிலீற்றர்தான் கணக்கு, குடிக்கிறதும் ஏற்றுகிறதும் எல்லாம் அதற்குள். குறைந்தால் அதிர்ச்சி நிலை. கூடினால் கசிந்த நீர் நெஞ்சைச் சுற்றித் தேங்கி மூச்சு முட்டும். சிறுநீர் மணிக்கு 10க்கும் 20க்கும் இடையில் நிற்க வேண்டும். 25 போனபோது நான் சந்தோசப்பட்டேன். தாதி முகத்தைச் சுளித்துக்கொண்டு சேலைனின் வேகத்தைக் குறைத்தார். என் நான்கு வருட ஆய்வில் வந்த எல்லாக் கோடுகளையும்விட நேர்த்தியான ஒரு கட்டுப்பாட்டுக் கணக்கை அந்தப் பெண் பேனாவால், நின்றநிலையில், ஆறு கட்டிலுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தை 2ஆம் திகதி காலை அவன் இடியப்பம் கேட்டான்.

வீட்டுக்கு பி.எச்.ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நேரே குசினிக்குப் போய் அந்த நீல வாளியைத்தான் முதலில் எட்டிப் பார்த்தார். மாமி ஒவ்வொரு நாளும் ஊற்றிக் கழுவுகிறவர். வாளி சுத்தமாக இருந்தது. பின்வளவில் தேங்காய்ச் சிரட்டை ஒன்றில் கூத்தன்புழு இருந்தது. அவனைக் கடித்த நுளம்பு எங்கே பிறந்தது என்று எந்தச் சமன்பாடும் சொல்லாது. ஆனாலும் பி.எச்.ஐ குனிந்து அந்த வாளியைப் பார்த்த அரை நிமிடம் எனக்கு மூச்சு வரவில்லை.

அந்தத் தை மாதமே புதுச் சீட்டு ஒன்று தொடங்கியது. மாமி இரண்டாம் மாதமே கூறி எடுத்துவிட்டார். எவ்வளவு கழிவு விட்டீர்கள் என்று கேட்டேன்.

"உனக்கேன் அது?" என்றார்.

அந்த வருடம் விலைகள் ஏறவில்லை. 2024 புரட்டாதியில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே, மறை 0.5 வீதத்துக்குப் போனது. என் கணக்குப்படி, அந்தத் தடவைதான் கடைசிவரை பொறுத்திருந்திருக்க வேண்டும். மாமியிடம் சொல்லவில்லை. அந்த மார்கழி மழைக்குப் போனபோது, நான் வழக்கமாக இருக்கிற கதிரைக்கு எதிரே வெறும் நிலம். நீல வாளி வெளியே கிணற்றடியில் கவிழ்த்து வைத்திருந்தது.